சில்லிக்குள் மக்கரோனி

அகப்பையைத் தூக்கியபோது, சிவந்த இறைச்சிக் குழம்பிலிருந்து மக்கரோனித் துண்டுகள் வழுக்கி விழுந்தன. எண்பதுகளின் நடுவில், லண்டனில் ஓர் அமெரிக்க உணவகத்தின் சமையலறை, மதிய நேரம். அகப்பை பிடித்திருந்தவர் எங்கள் தலைமைச் சமையல்காரர். நாங்கள் எல்லோரும் அவரை அண்ணை என்போம். யாழ்ப்பாணத்தில் பட்டம் பெற்றிருந்த நான் அவருக்குக் கீழே வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். ஆங்கிலம் தெரிந்ததால் சாமான்களுக்கு ஓடர் எழுதுவதும் என் வேலை.

'சில்லி' என்றால் மிளகாய் என்று நினைத்து, வேலைக்கு வந்த முதல் நாள் ஒருவருக்குத் தட்டு நிறையப் பச்சைமிளகாய் அனுப்பியவர் அண்ணை. பிறகு, சில்லி என்ற அந்த அமெரிக்க இறைச்சிக் குழம்பின் பக்குவம் அவர் கைக்கு வந்துவிட்டது. கறுவாப்பட்டையும் கராம்பும் இடித்துச் சிறிது போடுவார். மாட்டிறைச்சி என்பதால் வாயில் மட்டும் வைக்கமாட்டார். "தம்பி, நீதான் என்ர நாக்கு. உப்புக் காணுமோ எண்டு பார்" என்பார். நான் மாடு தின்பது என் வீட்டுக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும்.

அன்று இறைச்சி பாதிதான் வந்திருந்தது. ஓடரில் இலக்கத்தைப் பிழையாக எழுதியவன் நான். மக்கரோனியை அவித்துக் கொட்டுவோம் என்று யோசனை சொன்னவனும் நானே.

"சில்லிக்குள்ள மக்கரோனியோ? உனக்கென்ன விசரே?" என்று சிரித்தார் அண்ணை. ஆனாலும் என்னை நம்பிப் போட்டார். ருசி பார்த்தேன், நன்றாகவே இருந்தது.

சாப்பிட வந்திருந்த ஒரு டெக்சாஸ்காரர் தட்டோடு எழும்பிக் கத்தினார். அவருடைய ஊரில் சில்லிக்குள் பீன்ஸ் போட்டாலே சண்டையாம். மக்கரோனி போட்டது யார் என்று கேட்டுக்கொண்டு மனேஜர் உள்ளே வந்தார். அண்ணைக்கு ஆங்கிலம் ஓடாது. என்னைப் பார்த்தார்.

"இறைச்சி குறைவா வந்தது, ஆக்கள் பசியோட போகக்கூடாதெண்டு போட்டனாங்கள், மன்னிக்கச் சொல்லிச் சொல்லு தம்பி."

இறைச்சி குறைந்ததைச் சொன்னால் ஓடர் எழுதியவனைத் தேடுவார்கள். நான் ஆங்கிலத்தில் இப்படிச் சொன்னேன்: "தன் ஊரில் இப்படித்தானாம். இதில் என்ன பிழை என்று கேட்கிறார்."

தன் மன்னிப்பைத்தான் நான் சொல்கிறேன் என்று நம்பி, அண்ணை பணிவோடு தலையாட்டினார். "யெஸ், யெஸ்."

அன்றே அவரை நிறுத்திவிட்டார்கள். கொழும்பில் காத்திருந்த மனைவியை இங்கே கூப்பிட அவருக்கு அந்த வேலை வேண்டியிருந்தது. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். "நீ ஏலுமானதைச் சொன்னனி, அவன்தான் கேக்கேல்லை" என்று என் தோளில் தட்டிவிட்டுப் போனார். அடுத்த வாரம் அவருடைய அடுப்பில் நான் நின்றேன்.

சில வருடங்களுக்குப் பின், சின்சினாட்டி என்ற அமெரிக்க நகரத்துப் பெண் ஒருவர் சில்லி வாங்கிவிட்டு, "ஸ்பெகெட்டி எங்கே?" என்று கேட்டார். கிரேக்கப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள், தங்கள் ஊர்க் கறுவாவையும் கராம்பையும் சேர்த்து, சில்லியை ஸ்பெகெட்டி மேல் ஊற்றி விற்கத் தொடங்கினார்களாம். இப்போது அதுதான் அந்த நகரத்தின் பெருமையாம். 

தொண்ணூறுகளில் லண்டனின் தோர்ண்டன் ஹீத்தில் ஒரு தமிழ்க் கடையில் அண்ணையைக் கண்டேன். அருகில் அவர் மனைவி. உண்மையைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். சின்சினாட்டிக் கதைதான் வந்தது.

அண்ணை கைகொட்டிச் சிரித்தார். "பாத்தியே! அப்ப நாங்கள் ஒரு பிழையும் விடேல்லை." பிறகு மனைவியிடம், "இவர்தான் அண்டைக்கு எனக்காக வெள்ளையனோட கதைச்ச தம்பி" என்றார்.

"ஐஞ்சு வருசம் கொழும்பில கிடந்து காஞ்சனான், தம்பி" என்றார் அவர் மனைவி. "இவருக்கு அண்டைக்கு நீங்களாவது துணை நிண்டியளே. அதை நான் மறக்கமாட்டன்."

அந்த நன்றியை நான் வாங்கிக்கொண்டேன்.

அண்ணை காலமாகிவிட்டார். அவர் மனைவி இன்னும் அந்தப் பக்கம்தான் இருக்கிறார். இரண்டு முறை அவர் வீட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பினேன். அவர் இந்தப் பத்திரிகையைத் தவறாமல் வாசிப்பவர் என்று கேள்விப்பட்டேன். அதனால்தான் இதை இங்கே எழுதுகிறேன்.