டேப் சுற்றிய வயர்

அப்பாவின் மீன்பிடி வள்ளத்தில் ரேடியோ பொருத்தி ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. குழு எண்ணை அழைத்தால் எங்கள் கரை வள்ளங்களில் மட்டும் மணி அடிக்கும். சிவப்புப் பொத்தானை அழுத்திப் பிடித்தால், வள்ளம் நிற்கும் இடத்தோடு ஆபத்து அழைப்பு போகும். வீட்டில் முதலில் படித்தவன் நான் என்பதால் எல்லாவற்றையும் நானே அமைத்துக் கொடுத்திருந்தேன்.

ஒரு நாள் பார்த்தால், திரையில் இடம் காட்டும் எண்களே இல்லை. ஜிபிஎஸ் வயரைக் கழற்றி, முனையில் டேப் சுற்றி வைத்திருந்தார் அப்பா.

“ஒஞ் சித்தப்பன் ரேடியோவுல எடம் கேட்டிருக்கான், இது தானாவே சொல்லிக் குடுத்திட்டு மக்கா. மறுநாள் நம்ம பாறையில அவன் வள்ளம் நிக்கி.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு மீன்பாறையை ஒளிப்பதற்காக, அவரை நாங்கள் தேடிக் கண்டுபிடிக்கும் வழியையே அடைத்துவிட்டிருந்தார்.

“கேட்டா எடம் சொல்லுதத மட்டும் நிறுத்த மெனுவுல வழி இருக்கு. எங்கிட்ட கேட்டிருக்கலாம்லா? வள்ளம் கவுந்தா எங்க போய்த் தேடுவோம்?”

“வாயால சொல்லுவேன்.”

“தண்ணியில கெடந்துகிட்டா?”

யார் கேட்டாலும் இடத்தைச் சொல்லாதபடி மெனுவை மாற்றி, வயரை மாட்டினேன். மறுநாள் காலை வள்ளம் இறக்கும்போது போய்ப் பார்த்தால், வயர் மறுபடியும் டேப்புக்குள் இருந்தது. வள்ளத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

“ஏலே, எறங்கு. நேரமாவுது.”

“வயர மாட்டுங்க, எறங்குதேன்.”

என்னைத் திட்டிக்கொண்டே டேப்பைப் பல்லால் கடித்துப் பிய்த்தார். திரையில் எண்கள் வரும்வரை நான் இறங்கவில்லை.