மகளுக்கு வந்த முட்டைகள்

காலை ஆறு பத்துக்கு மகளின் பச்சை முட்டையை வாங்கிக் குடித்தேன். அன்று கொலஸ்ட்ரோல் சோதனைக்கு வெறுவயிற்றில் இரத்தம் கொடுக்கவேண்டும் என்பது ஆறு பதினொன்றுக்குத்தான் நினைவுக்கு வந்தது.

வீட்டில் எனக்கு முட்டை விலக்கு. போன வருடம் கொலஸ்ட்ரோல் கூட என்று தெரிந்து குளிசை விழுங்கத் தொடங்கிய நாளிலிருந்து மனைவி மஞ்சட்கருவை என் கண்ணில் காட்டுவதில்லை. அதே வருடம் இடது கண்ணும் என்னைப் பயமுறுத்தியது. இறங்குதுறையின் நேரான விளிம்பு அந்தக் கண்ணுக்கு மட்டும் நடுவில் வளைந்து தெரிந்தது. விழித்திரைத் தேய்வின் தொடக்கம்தான் என்றார் கண் டொக்டர். மஞ்சட்கருவிலும் கீரையிலும் லூட்டீன் என்றொரு மஞ்சள் பொருள் இருக்கிறதாம். போன பார்வையை அது திருப்பித் தராது, விழித்திரைக்கு நல்லது, சாப்பிடுங்கோ என்றார். மனைவி கீரையை மட்டும் காதில் வாங்கினாள். நான் இன்றும் எழும்பியதும் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு யன்னல் கம்பியைத்தான் பார்க்கிறேன்.

போன மாதம் மகள் பெரியபிள்ளையானாள். எங்கள் அனலைதீவில் உள்ள சொந்தமெல்லாம் ஊர்க்கோழி முட்டையோடு வந்தது. காலையில் பச்சை முட்டையில் நல்லெண்ணெய் விட்டு மகளிடம் கொடுத்துவிட்டு மனைவி ஆடு அவிழ்க்கப் போவாள்.

"அப்பா, இந்த மணத்துக்கு எனக்குச் சத்தி வருது. உங்கட கண்ணுக்கு நல்லதெல்லே?"

தினமும் மகள் நீட்டினாள், நான் குடித்தேன். நானும் அவளும் அவ்வளவு ஒற்றுமையாக ஒருநாளும் இருந்ததில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகும் படகில் மனைவி மடியில், இரத்தம் கொடுத்தபின் நான் சாப்பிட, இடியப்பப் பெட்டி இருந்தது.

"பசிக்குதோப்பா?" என்றாள்.

"தாங்கேலாமல் கிடக்கு" என்றேன். முட்டை மணத்தோடு ஏவறை வந்தது. கடலைப் பார்த்தபடி விழுங்கினேன்.

ஊர்காவற்றுறையில் இரத்தம் எடுக்கும் தாதி, "ஐயா வெறுவயிறோ?" என்று கேட்டாள்.

"ஓம் பிள்ளை, தண்ணி மட்டும்தான்" என்று மனைவி முந்திக்கொண்டாள்.

தாதி என் முகத்தை உற்றுப் பார்த்தாள். "அப்ப மீசையில என்ன எண்ணெய் மினுங்குது?"

எல்லாவற்றையும் சொல்லவேண்டியதாகிவிட்டது.

"பிள்ளைக்குக் குடுத்ததை இந்த மனுசன் குடிச்சிருக்கு!" என்றாள் மனைவி. "உங்களுக்கும் சாமத்தியச் சடங்கு செய்யட்டோ?"

வரிசையில் இருந்தவர்கள் கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். முறைத்துக்கொண்டிருந்த மனைவிக்கும் கடைசியில் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் திரும்பவும் படகேறி, உண்மையாகவே பட்டினியாகப் போய் இரத்தம் கொடுத்தேன். முடிவு வர ஒரு கிழமை. கொலஸ்ட்ரோல் ஏறியிருந்தால் முட்டை போய்விடும், முட்டை போனால் கண்ணும் போய்விடும் என்று மனம் சொல்லிக்கொண்டே இருந்தது. அது சரியில்லை என்று படித்த எனக்குத் தெரியும். தெரிந்தும் நித்திரை வரவில்லை. மகளோ தாயின் காவலில் தன் முட்டையைத் தானே குடித்துவிட்டு என்னை முறைத்தாள்.

முடிவு நாளில் ஆஸ்பத்திரி டொக்டர் பிந்தித்தான் வந்தார். தலைக்கவசத்தை மேசையில் வைத்துவிட்டுத் தாளைப் பார்த்தார். தாதி முட்டைக் கதையை அவரிடம் முன்பே சொல்லியிருந்தாள். என் கை மனைவியின் கையைத் தேடியது.

"கூடேல்லை ஐயா. போனமுறையைவிடக் குறைஞ்சிருக்கு. அது குளிசையின்ர வேலை, முட்டையின்ர வேலை இல்லை. ஆனா உங்களுக்கு முட்டை கெடுதல் செய்ததாத் தெரியேல்லை."

பிறகு மனைவியின் பக்கம் திரும்பினார்.

"நாளுக்கு ஒண்டு குடுங்கோ அம்மா. பொரியலைக் குறையுங்கோ, குளிசையை விடவேண்டாம். பிள்ளைக்கும் இவருக்கும் அவிச்சே குடுங்கோ. பச்சையாக் குடிக்கிறது ஒருத்தருக்கும் நல்லதில்லை."