வாசலில் நிற்க வேண்டியவள்

கூலி உயர்வு கேட்டுத் தறிகளை நிறுத்திவிட்டுக் கலெக்டர் ஆபீஸ் எதிரே பந்தல் போட்டு உட்கார்ந்தோமே, அந்தப் போராட்டத்தில் பெண்களுக்கென்று இருந்த ஒரே விதி நான் போட்டது. இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. கூட்டத்தில் இடிப்பதும் உரசுவதும் நம் ஆட்கள்தான் என்று முதல் நாளே தெரிந்துவிட்டது. சங்கத்து ஆண்களிடம் சொன்னால், "கூட்டம்னா இடிச்சிக்கினுதான்மா இருக்கும்" என்றார்கள்.

கோர்வைப் புடவைக்கு ஒருவர் தறியில் நெய்ய, ஓரத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரைக்கான நூல் சுற்றிய நாடாவை ஓட்டிப் போட வேண்டும். ஒருவர் சொல்லாமல் எழுந்தால் மற்றவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அதையே பந்தலுக்கும் வைத்தேன். இரண்டிரண்டு பேராக ஜோடி. கக்கூஸ் போனாலும் பஸ் ஏறினாலும் ஜோடியை விட்டு நகரக் கூடாது. அதற்குப் பிறகுதான் வீட்டில் தயங்கிக்கொண்டிருந்த பெண்களும் வந்தார்கள்.

எனக்கு ஜோடியாக வந்தவள் முசரவாக்கத்துப் பெண். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவுக்குப் பஸ் ஏறி வந்து கரை போடுகிறவள். சொந்தமாக ஒரு புடவை நெய்து இறக்கியதில்லை. ஆனால் மைக் கிடைத்தால் போதும். எங்கள் மனுவை அவள் வாசித்த அன்று ஆண்கள்கூட டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது. வேறு சொல் போட்டு மழுப்ப மாட்டேன்.

பேச்சுவார்த்தைக்கு ஒரு பெண்ணையும் கூட்டிப்போகச் சங்கத்தைச் சம்மதிக்க வைத்தவளும் நான்தான். யார் போவது என்றதும் பெண்கள் எல்லோரும் அவளைக் காட்டினார்கள்.

"அக்கா, நீங்க போங்கக்கா. எனக்கு இன்னா தெரியும்?" என்றாள். அந்தப் பெருந்தன்மை என்னை இன்னும் கொளுத்தியது.

"போம்மா ராசாத்தி. நான் கேட்டாண்ட நிக்கிறேன்" என்றேன்.

நின்றேன், நாலரை மணி வரை. உள்ளே நாற்காலி போட்டு உட்கார வைத்திருப்பார்கள், அதிகாரிகள் அவள் பேச்சுக்குத் தலையாட்டுவார்கள், நாளைக்குப் பேப்பரில் படம் வரும். நினைக்க நினைக்கத் தாளவில்லை. கோயில் வாசலில் செருப்புக்குக் காவல் இருப்பவளா நான்? பக்கத்தில் இருந்தவளிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு ஷேர் ஆட்டோவில் ஏறிவிட்டேன்.

அவள் வெளியே வந்ததும் முடிவைக் கேட்கக் கூட்டம் மொய்த்திருக்கிறது. கேட்டருகே என்னைத் தேடிக்கொண்டு நின்றவளை, பின்னாலிருந்து ஒருவன் இடுப்பில் கை போட்டு இழுத்திருக்கிறான். திமிறியதில் ஜாக்கெட் தோளோடு கிழிந்துவிட்டது. பந்தல் பெண்கள்தான் வீட்டுக்கு வந்து சொன்னார்கள்.

இனி வரமாட்டாள் என்று நினைத்தேன். மறுநாள் காலையிலேயே வந்தாள். மைக்கைப் பிடித்து நடந்ததைச் சொன்னாள். ஆளையும் காட்டினாள், எங்கள் தெருக்காரன். அவனைப் பந்தலை விட்டு வெளியே அனுப்பிய பிறகுதான் உட்கார்ந்தாள். என் பேரை மட்டும் எடுக்கவில்லை. யாராவது கேட்டால் சொல்லத் தலைவலியைத் தயாராக வைத்திருந்தேன், யாரும் கேட்கவில்லை.

மத்தியானம் என்னிடம் வந்தாள். ஜோடிகளை எழுதிய நோட்டு என் மடியில் இருந்தது.

"அக்கா, என்னை வேற ஆளோட போட்டுடுங்க."

அவள் பேருக்கு எதிரே இருந்த என் பேரை நானே அடித்துவிட்டு, ஜோடியில்லாமல் மிஞ்சியிருந்த சாயப்பட்டறைப் பெண்ணின் பேரை எழுதினேன். சாயங்காலம் இருவரும் கை கோத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள். அந்தச் சாயக்காரி மேலும் எனக்குப் பொறாமையாக இருந்தது. நோட்டில் என் பேருக்கு எதிரே எழுத யாரும் இல்லை. அன்று நான் கூட்டத்தின் நடுவே தனியாக வீட்டுக்குப் போனேன்.