எழுபதைத் தாண்டாத வண்டி

அன்றைக்கு வண்டியில் இருந்தது நாலு பேர். ஸ்டியரிங்கில், வண்டியை வாங்க வந்த, திண்டிவனம் பக்கம் பிரம்மதேசத்து நெல் வியாபாரி. பக்கத்தில் அவருடைய பெரியப்பா மகன். துபாயில் ரெண்டு வருஷம் யாருக்கோ டிரைவராக இருந்தவர், அதனால் ஊரில் ஓடுகிற எல்லா இஞ்சினுக்கும் டாக்டர். பின்சீட்டில் நானும் என் பெண்டாட்டியின் தம்பியும். மச்சான் வந்திருந்தது அவன் அக்கா நகைக்குக் காவலாக.

அந்த டர்போ டீசல் வண்டியை வாங்கச் சொன்னதே அவன்தான். "பறக்கும் மாமா" என்றான். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பறக்கிறதெல்லாம் ஒருநாள் விழும் என்பது மட்டும் எனக்குத் தெரியும். பெண்டாட்டி நகையை பேங்கில் வைத்து, செகண்ட் ஹேண்டில் எடுத்தேன். எடுத்த நாளிலிருந்து எழுபதைத் தாண்டி ஓட்டியதில்லை. அறுபத்தஞ்சிலேயே ஏதோ சத்தம் கேட்கும், ஓரங்கட்டி இறங்கிச் சக்கரத்தைத் தொட்டுப் பார்ப்பேன். இப்போது வட்டி ஏறி ஏல நோட்டீஸ் வந்துவிட்டது. பேசின விலை அஞ்சு லட்சம். அது முழுசாக வந்தால் நகை முழுசாக வீட்டுக்கு வரும்.

திண்டிவனம் பைபாஸ் ஏறியதுமே வியாபாரி மிதித்தார். மூட்டை ஏற்றிய டிராக்டரைத் தவிர வேறெதையும் ஓட்டாத கால் என்பது மிதியிலேயே தெரிந்தது. கூட்டேரிப்பட்டு தாண்டி ஒரு லாரியை முந்தப் போனார். முள் நூற்றிருபதைத் தொட்டபோது, யாரோ கழுத்தைப் பிடித்த மாதிரி வண்டி அப்படியே அமுங்கிப்போனது. ஆக்சிலேட்டரைத் தரையோடு அழுத்தியும் இழுக்கவில்லை. பின்னால் கரும்புகை. டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு.

ஓரங்கட்டினார். பெரியப்பா மகன் சீட்டை விட்டு இறங்கக்கூட இல்லை.

"டர்போ பூட்ச்சி. அறுபதாயிரம் வைக்கணும்."

"பாக்காமயே சொல்றீங்களே" என்றேன்.

"துபாய்ல இதுமாரி எத்தினி பாத்துக்கினு வந்துருக்கேன்."

அணைத்துவிட்டுத் திரும்ப ஸ்டார்ட் செய்தால் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி ஓடுகிறது. விக்கிரவாண்டிக்கு முன்னால் மறுபடி மிதித்தார், மறுபடி அமுங்கியது. எனக்கு ரோடே தெரியவில்லை, பேங்க் வாசலில் ஒட்டிய ஏலத் தாள்தான் தெரிந்தது.

விழுப்புரத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் போனோம். மெக்கானிக் வயரைச் சொருகி லேப்டாப்பைப் பார்த்தார். முகத்தில் கலெக்டர் களை.

"காத்து அழுத்தம் கம்மின்னு காட்டுது. டர்போவா இருக்கலாம், சென்சாரா இருக்கலாம், ஹோஸா இருக்கலாம்."

இருக்கலாம் என்று சொல்ல லேப்டாப் எதற்கு, கிளி ஜோசியக்காரன் போதுமே. ஆனால் பெரியப்பா மகன் அந்த மூன்றில் முதல் வார்த்தையை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு, "நான் அப்பவே சொல்லல?" என்று வியாபாரியின் தொடையைத் தட்டினார்.

எனக்கு ஒரு பயம் வந்துவிட்டால் கேட்டுக்கொண்டே இருப்பேன். "கெட்டுப்போன சாமான் வண்டிய நிறுத்துனா எப்டிங்க நல்லாவுது?" என்று மெக்கானிக்கைக் கேட்டேன். அவர் வயரைச் சுருட்டினார். "மிதிச்சாதான வருது, மெதுவா போனா ஏங்க வரல?" மூன்றாவது தடவையும் கேட்டதும், என் வாயை அடைக்கவே அவர் பானெட்டைத் தூக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து ரேஸ் பண்ணினார். "பாத்துக்கோ, எல்லாம் கரெக்டாதான் கீது."

நான் பார்த்தேன். முகப்பு விளக்குக்குப் பின்னால் இஞ்சினுக்குக் காத்து இழுக்கிற குழாயின் வாய் இருக்கிறது. அதற்குக் கீழே ஒரு மஞ்சள் துணிப்பை கிடந்தது. ரேஸ் ஏற ஏற அது மெல்ல எழுந்து, வாயில் போய்ப் பச்சக்கென்று ஒட்டியது. இஞ்சின் சத்தம் கம்மியது. காலை எடுத்ததும் பை கீழே விழுந்தது.

இழுத்துப் பிரித்தால் உள்ளே புகையிலை.

மச்சான் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். செல்போன் அணைந்து கிடந்தது.

"எலி ஒயரு கடிக்குதுன்னு நான்தான் வச்சேன் மாமா. புகையில நெடிக்கு எலி வராதுன்னு எல்லாரும் வைக்கிறாங்க."

"கட்டி வச்சியா?"

"ஒரு ஓட்டை இருந்துச்சு, சொருகி வச்சேன்."

எலி கடித்தால் ஒயர் போகும். இவன் மூக்கையே அடைத்திருக்கிறான். டிப்ளமோ படித்தவன்.

திரும்பும்போது வியாபாரி நூற்றி முப்பதில் வந்தார். வண்டி எங்கும் அமுங்கவில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திண்டிவனத்தில் டீக்கடையில் நிறுத்தியதும் பெரியப்பா மகன் ஆரம்பித்தார்.

"இத்தினி நாளு காத்து இல்லாம ஓடிருக்கு. டர்போ உள்ள அடி வாங்கிருக்கும்."

"நான் எழுபதுக்கு மேல போனதே இல்லீங்க. அந்த ஸ்பீடுல பை அசையாது."

"எழுவதுல போறவருக்கு டர்போ எதுக்கு? மாடு வாங்கியிருக்கலாம்ல."

டீக்கடைக்காரர் வரை சிரித்தார். மச்சானும் சிரித்தான், அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. வியாபாரி சிரிக்கவில்லை. கடையில் நெல் ஈரம் என்று சொல்லி மூட்டைக்கு ரெண்டு கிலோ கழிப்பாராமே, அந்தக் கையை அப்படியே என் மேலும் வைத்தார். "நாப்பதாயிரம் மட்டும் நிக்கட்டும்ண்ணா. ஒரு மாசம் ஓட்டிப் பாக்கறேன், டர்போ நல்லா இருந்துச்சுன்னா பணத்தக் கொண்டாந்து குடுத்துடறேன்." விட்டால் ஏலத்துக்குள் வேறு ஆள் கிடைக்கமாட்டான் என்பது அவருக்கும் தெரியும். கையெழுத்துப் போட்டேன்.

வளையலும் சங்கிலியும் வந்தன. ஆரம் பேங்கிலேயே இருக்கிறது.

வருஷம் ஒன்று ஆகப்போகிறது. போன வாரம் நான் போன பஸ்ஸை விக்கிரவாண்டிகிட்ட அந்த வண்டி முந்திக்கொண்டு போனது. ஓட்டியது பெரியப்பா மகன். புகையில்லை, திணறல் இல்லை, அம்பு மாதிரி போனது. பஸ்ஸிலிருந்தே வியாபாரிக்குப் போன் போட்டேன்.

"இன்னும் பாத்துக்கினுதாண்ணா இருக்கேன்" என்றார்.

பாக்கி நாற்பதாயிரம் ரூபாய்.