உள்ளே நட்டைப் பிடித்தது யார்?

பிளாஸ்டிக் டிரம்முக்குச் சொட்டு கசியாமல் குழாய் வைப்பதில் அந்தக் குழாய்க்காரர் கெட்டிக்காரர். ஆனால் அது இரண்டு பேர் வேலை. டிரம்மைப் படுக்கவைத்து, ஒருவர் உள்ளே கைவிட்டு ஸ்பேனரால் நட்டைப் பிடித்துக்கொண்டால்தான் மற்றவர் வெளியே குழாயைத் திருகி இறுக்க முடியும். அப்படிப் பிடித்துக்கொண்டிருந்த மனைவி போன மாதம் இறந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு முதல் வேலை ஒரு சலவைக்கடையில் வந்தது. துளை போட்டு, இரு பக்கமும் ரப்பர் வாஷர் வைத்து, நட்டை விரலால் மாட்டினார். நட்டும் கூடவே சுற்றும், கடைக்காரம்மாவைக் கூப்பிடலாம் என்று நினைத்தபடியே வெளியே குழாயைத் திருகினார். நட்டு சுற்றவில்லை. யாரோ பிடித்தாற்போல் இறுகிக்கொண்டே போனது.

பழக்கதோஷத்தில், “போதும்டி, விடு” என்றார்.

உள்ளே ஏதோ ‘டொக்’கென்று விழுந்தது. குனிந்து பார்த்தார். பையிலிருந்து அவர் எடுக்கவே எடுக்காத சின்ன ஸ்பேனர் கிடந்தது.

“யார்கூட பேசறீங்க?” என்றார் கடைக்காரம்மா.

“யாரும் இல்லீங்கம்மா.”

தண்ணீர் நிரப்பினார்கள். கசியவே இல்லை.

இப்போதும் தனியாகத்தான் வேலைக்குப் போகிறார். இறுக்கும்போது மட்டும் உள்ளே பார்ப்பதில்லை.