இல்லாத கொட்டகைக்குச் சான்று

கண்ணாடி அண்ணி என்றுதான் தெருவே அவரைக் கூப்பிடும். அந்தப் பெயர் நாத்தனார் வழியாக வந்தது. பத்தொன்பது வருடமாக இருவரும் சேர்ந்தே கடைகளுக்கும் வீடுகளுக்கும் கண்ணாடி பொருத்துகிறார்கள். “அண்ணி, தூக்குங்க. அண்ணி, சுவர் இடிக்குது” என்று நாத்தனார் கொடுத்த குரலைக் கேட்டுக் கேட்டு, வாடிக்கையாளர்களும் அண்ணி என்றே சொல்லத் தொடங்கிவிட்டார்கள். வீட்டுக்காரர் தையல்காரர். வண்டி விஷயமென்றால் ஊசியில் நூல் கோப்பதோடு தன் வேலை முடிந்தது என்பார்.

கடைகளின் முகப்புக் கண்ணாடிகள் வருடத்துக்கு வருடம் பெரிதாகிக்கொண்டே வந்தன. பழைய வேன் அப்படியே இருந்தது. ஒருநாள் நெடுஞ்சாலை எடைமேடையில் வேனை மறித்து நிறுத்தினார்கள். பாரம் அதிகம். பாதிக் கண்ணாடியை அங்கேயே இறக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, இரண்டாம் நடை வந்து எடுத்துப் போனார்கள். அண்ணிக்கு அன்று கோபமே வரவில்லை. “தப்பு நம்ம மேலதான். பிரேக் பிடிக்கலைன்னா முன்னாடி போறவன் கதி என்ன?” என்றார். பெரிய வண்டி வாங்குவது என்று அன்றே முடிவாயிற்று.

விற்பனைக் கூடத்தில் ஒரு வெள்ளை வேனைக் காட்டினார்கள். நீளமும் உயரமுமாக நின்றது. விற்பனையாளர் துணைக்கு வந்த தையல்காரரைப் பார்த்தே பேசினார்.

“பாரத்தோட சேர்த்து மொத்த எடை சரியா மூணரை டன் சார். அதைத் தாண்டினாத்தான் சரக்கு வண்டி உரிமம், அது இதுன்னு அலையணும். இதுக்கு ஒண்ணும் வேண்டாம்.”

“வெறும் வண்டி எடை எவ்வளவு?” என்று கேட்டார் அண்ணி.

“பார்க்கிங் கேமரா கூட இருக்கு சார்.”

“ஓட்டப் போறது நான். என்கிட்ட சொல்லுங்க.”

விற்பனையாளர் ஏட்டைப் புரட்டிச் சொன்னார். அண்ணி மனக்கணக்காகவே பார்த்தார். வெறும் வண்டி, அதன் மேல் கண்ணாடி சாய்க்கும் இரும்புச் சட்டம், இரண்டு ஆள், கருவிகள். மூன்றரை டன்னில் இதெல்லாம் கழித்தால் மிஞ்சும் பாரம் பழைய வேன் ஏற்றியதைவிடக் குறைவு.

“இது பெரிய வண்டி இல்ல. பெரிய டப்பா.”

“எல்லாரும் கொஞ்சம் கூடத்தான் ஏத்துறாங்கம்மா.”

அந்தப் பதிலில்தான் அண்ணிக்கு முதல் தடவை இரத்தம் கொதித்தது. தெரிந்தே தப்புக்கு ஆள் சேர்க்கிறவனிடம் பேச என்ன இருக்கிறது? வேறு கூடத்தில் ஐந்து டன் வண்டியைத் தேர்ந்தெடுத்துவிட்டு, சரக்கு வண்டி உரிமத்துக்கு விண்ணப்பித்தார்.

விதிகளை அவர் குறை சொல்லவில்லை. ஆறு வாரத்துக்கொரு முறை மெக்கானிக் சோதிக்க வேண்டும் என்றார்கள், ஒப்பந்தம் போட்டார். செய்தித்தாளில் அறிவிப்பு கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்தார். யாரும் ஆட்சேபிக்கவில்லை. வண்டியைத் தெருவில் விடக்கூடாது என்றார்கள், மூடிக்கிடந்த ஓர் அச்சகத்தின் பின்முற்றத்தை வாடகைக்கு எடுத்தார்.

ஏழு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. முற்றத்தில் வண்டி திரும்ப இடமில்லை, பின்னோக்கியே சாலைக்கு வர வேண்டியிருக்கும், ஆகவே நிராகரிக்கப்படுகிறது.

அண்ணி அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போய் முற்றத்தை மூன்று முறை அளந்தார். மில்லிமீட்டர் பிசகினால் கண்ணாடி உட்காராது; அப்படிப் பழகிய கை அளந்தது. தாராளமாக இடம் இருந்தது. மறுநாள் அலுவலகத்தில் போய் நின்றார்.

அதிகாரி கணினியைத் திருப்பிக் காட்டினார். வானத்திலிருந்து எடுத்த படம். முற்றத்தின் நடுவே ஒரு தகரக் கொட்டகை.

“அதை இடிச்சு ரெண்டு வருஷம் ஆச்சு சார். நேர்ல வந்து பாருங்க.”

“நேர்ல போறது வழக்கமில்ல. கொட்டகை இல்லைன்னு சான்று வாங்கிட்டு வாங்க.”

நகராட்சிக்குப் போனார். இருக்கிற கட்டடத்துக்குத்தான் சான்று தர முடியும், இல்லாததுக்கு எப்படித் தருவது என்று அங்கே சிரித்தார்கள். அண்ணிக்குச் சிரிப்பு வரவில்லை. திரும்ப வந்து அதிகாரியின் மேசைமேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார்.

“இடத்தைப் பார்க்காமலே முடிவு பண்ணேன்னு இதுல எழுதிக் கையெழுத்துப் போடுங்க. நான் போயிடறேன்.”

அதிகாரி தாளைப் பார்த்தார். வரிசையில் நின்றவர்களும் பார்த்தார்கள். “வியாழக்கிழமை வரேன்” என்றார் அதிகாரி.

வியாழனன்று விற்பனைக் கூடத்தார் ஐந்து டன் வண்டியை முற்றத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அண்ணி ஏறி உட்கார்ந்து, ஒரே வளைப்பில் திருப்பி, முகம் சாலையைப் பார்க்க நிறுத்தினார். இரு பக்கமும் ஆள் நடக்க இடம் மிச்சம். அதிகாரி குறித்துக்கொண்டார். பதினோராம் நாள் உரிமம் வந்தது.

ஆனால் அதற்குள் ஒரு பள்ளிக்கூடத்தின் ஜன்னல் வேலை முழுவதும் கைவிட்டுப் போயிருந்தது. அதைப் பிடித்தவர்கள் அதே வெள்ளை டப்பா வேனில், டயர் நசுங்க நசுங்கக் கண்ணாடி ஏற்றிக்கொண்டு எடைமேடை இல்லாத சாலையாகப் பார்த்துப் போனார்கள்.

“அதான் கிடைச்சிடுச்சே. இன்னும் என்ன கோபம்?” என்று தையல்காரர் கேட்டார்.

“ஒழுங்கா கேட்டவளை ரெண்டரை மாசம் உட்கார வச்சாங்க. கேட்காதவன் ஓட்டிட்டுப் போறான். கோபப்படாம என்ன பண்றது?”

பழைய படத்தை வைத்து இன்னும் எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள் என்று கேட்டு, தலைமை அலுவலகத்துக்கு எழுதினார். பதில் இல்லை. நாலு மாதம் கழித்து மறுபடி எழுதினார். நாத்தனார் அதை வாய்விட்டுப் படித்துப் பார்த்து, “கடைசி வரி ரொம்பக் காரம் அண்ணி, எடுத்துடலாமா?” என்றார்.

“உறையை ஒட்டு” என்றார் அண்ணி.