பலகையில் எழுதிய சொல்

தனகோட்டி நெய்வேலி சுரங்கத்தில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். மண்மேட்டில் விரிசல் விடுகிறதா என்று பார்ப்பதுதான் கடைசிப் பத்து வருஷமும் அவர் வேலை. அந்த அனுபவத்துக்காகவே ஊருக்கு வெளியே ஒரு தனியார் செம்மண் குவாரி அவரைக் கூப்பிட்டுக்கொண்டது. எதிர்வீட்டுக்காரன் நான், வீட்டில் சும்மா இருங்களேன் என்றேன். கேட்கிற ஆளா?

விரிசலுக்கு இரண்டு பக்கமும் முளைக்குச்சி அடித்து, தினமும் காலையில் டேப் வைத்து அளப்பார். இடைவெளி கூடவில்லை என்றால், இறங்குகிற பாதையிலுள்ள பலகையில் 'நில்' என்று எழுதுவார். எழுத்து தமிழ், சொல் ரெஜிஸ்டரில் ஆபீசர்கள் போடுகிற இங்கிலீஷ் 'நில்'. ஒன்றுமில்லை, இறங்கலாம் என்று அர்த்தம். குவாரியில் எல்லோருக்கும் அது பழகிவிட்டது.

ஐப்பசியில் ஒரு பெருமழைக்கு மறுநாள் இடைவெளி நாலு விரல் கூடியிருந்தது. பதறிப்போய்ப் பலகை நிறைய 'நில்' என்று எழுதிவிட்டு, மறுபக்கமாக ஓடி, பள்ளத்தில் இருந்த நாலு பேரை மேலே ஏற்றினார். இந்தத் தடவை அவர் எழுதியது தமிழ். டீ குடித்துவிட்டு வந்த பம்பு ஆப்பரேட்டர் பரீத் பலகையைப் பார்த்தான், இறங்கினான். மேடு சரிந்தது.

அரைகுறை இங்கிலீஷ் ஆளைக் கொல்லுமா? கொன்றது. எனக்கு ஆத்திரம் வந்தது. அவருக்கு எதுவுமே வரவில்லை. சோறு போட்டால் தின்றார், படுக்கச் சொன்னால் படுத்தார். நிற்கச் சொல்லி எழுதியிருந்தும் பரீத் திமிராக இறங்கினான் என்று குவாரி மேஸ்திரி போலீசில் சொல்லிவிட்டான். செத்தவன் வந்து மறுக்கவா போகிறான். தனகோட்டியும் வாயைத் திறக்கவில்லை.

பத்து நாள் கழித்து பரீத்தின் அம்மா தாஜ் பீவி அவர் வீட்டுக்கு வந்தாள். நானும் அங்கே இருந்தேன்.

"அண்ணே, நீங்க எழுதினத மீறித்தான் எம்புள்ள எறங்கினானா?"

 தனகோட்டி, தினமும் எழுதிய நில்லையும் அன்றைக்கு எழுதிய நில்லையும் அவளுக்கு விளக்கிச் சொன்னார், அளவு படிக்கிற குரலில்.

"மீறலைம்மா. தெனமும் நான் எழுதறததான் அன்னைக்கும் படிச்சான். தப்பு என்னுது."

"அப்ப சொன்னதக் கேட்டுகினுதான் எம்புள்ள போனான்."

"ஆமாம்மா."

இதை ஸ்டேஷனில் வந்து சொல்வீர்களா என்று கேட்டாள். அவர் எழுந்து சட்டையை மாட்டினார். அங்கே போனால் கேஸ் அவர் மேல் திரும்பும் என்று எனக்குத் தெரியும். தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை.